குரல் ஒருவருடையது, முகம் வேறொருவருடையது

நேயர்களுக்கு வணக்கம். 1989ஆம் ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் பிரிட்டனில் தொடர்ந்து ஆறு வாரம் முதலிடத்தில் நின்ற ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் 'ரைடு ஆன் டைம்'. வெளியிட்டவர்கள் 'பிளாக் பாக்ஸ்' என்ற இத்தாலியக் குழு. அந்த ஆண்டு அந்த நாட்டில் அதிகம் விற்ற சிங்கிளும் (தனிப்பாட்டு இசைத்தட்டும்) அதுதான். ஹவுஸ் என்பது நடன விடுதிகளில் ஒலித்த மின்னணு இசை; இத்தாலிய ஹவுஸ் என்றுதான் அன்று இதைச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் யூரோடான்ஸ் என்று ஐரோப்பா முழுக்கப் பரவிய இசைக்கு வழிபோட்ட பாட்டுகளில் ஒன்று.

பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நிற்காமல் அடிக்கும் டிரம், குதித்துக் குதித்து வரும் பியானோ. அதன்மேல் ஒரு பெண் குரல். அந்தக் குரல் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சும்மா ஒரு நல்ல தாளம், அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து எழும்பி, உச்சியில் போய்க் கரகரத்து, அங்கேயே நின்று பிடிக்கிற குரல் அது. நடன விடுதியில் இருந்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்காது. கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயங்களைத் தெரிந்தவர்கள் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் லோலியாட்டா ஹாலோவே. 1946இல் சிகாகோவில் பிறந்தவர். அந்தத் தேவாலயங்களில் பாடும் பக்திப் பாட்டுக்குக் கோஸ்பெல் என்று பெயர்; அந்த ஊரைக் கோஸ்பெல் இசையின் தலைநகரம் என்றே சொல்லலாம். மஹாலியா ஜாக்சன் பாடிப் புகழ்பெற்ற ஊர். லோலியாட்டா முதலில் தன் அம்மாவின் பாடகர் குழுவில் பாடினார். அப்புறம் ஆல்பர்ட்டினா வாக்கர் நடத்திய 'கேரவன்ஸ்' குழுவில் சேர்ந்தார். கோஸ்பெல் உலகில் அது பெரிய இடம். ஷர்லி சீசர் போன்றவர்கள் பாடிய குழு. மைக்கை நம்பாமல் கடைசி பெஞ்சில் இருப்பவரையும் எழுந்து நிற்க வைக்கும் பயிற்சி அங்கே கிடைக்கும்.

1970களில் அவர் டிஸ்கோவுக்கு வந்தார். 1980இல் 'லவ் சென்சேஷன்' என்ற பாட்டைப் பாடினார். எழுதித் தயாரித்தவர் டான் ஹார்ட்மன். மனிதர் விடவில்லையாம், திரும்பத் திரும்பப் பாட வைத்தாராம். தொண்டை தாங்குவதற்காகக் காப்பியில் விக்ஸைக் கலந்து குடித்ததாக லோலியாட்டா பிற்பாடு சொல்லியிருக்கிறார். (யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) பாட்டு அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. சரி, கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பாட்டின் குரல் மட்டும் தனியாக டிஜேக்களின் கைக்குக் கிடைத்தது. சாம்பிளர் என்ற கருவியும் 80களில் விலை இறங்கிப் பலர் கைக்கு வந்தது. அதில் ஒரு குரலின் துண்டை ஏற்றினால் விசையைத் தட்டும்போதெல்லாம் அது பாடும். இத்தாலியில் டேனியல் டாவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்ளிச்சி மூவரும் லோலியாட்டாவின் குரலை வெட்டி, அடுக்கி, புதிய தாளத்தில் பொருத்தினார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வெட்டியவர்களுக்குக் காது இருந்தது. மூலப்பாட்டில் கடைசியில் கொதித்து வரும் உச்சங்களை எடுத்து முதலிலிருந்தே கொட்டிவிட்டார்கள். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

தொலைக்காட்சிக்கு ஒரு முகம் வேண்டுமே? காத்ரின் கினோல் என்ற மாடல் அழகி வந்து வாயசைத்தார். இசைத்தட்டின் உறையில் லோலியாட்டாவின் பெயர் இல்லை. பணமும் போகவில்லை.

வாயசைப்பதைக் குற்றம் என்று நம்மால் சொல்ல முடியாது. நம் சினிமாவே அதில்தான் ஓடுகிறது. திரையில் நாயகி வாயசைப்பார். ஆனால் வானொலியில் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்லி, இசையமைப்பாளரைச் சொல்லி, பாடியவர் பி.சுசீலா என்றும் சொல்லிவிடுவார். ரசிகருக்கு இரண்டு பேரையும் தெரியும். பிளாக் பாக்ஸ் விஷயத்தில் அந்த ஒரு வரி அறிவிப்புதான் இல்லை.

லோலியாட்டா தரப்பு சட்டரீதியாக இறங்கியது. பணம் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். வேறொரு பாடகியை வைத்துக் குரலைத் திரும்பப் பதிவு செய்த வடிவமும் வந்தது. அவர் ஹெதர் ஸ்மால். பிறகு 'எம் பீப்பிள்' குழுவில் பெரும் புகழ் பெற்றவர். அந்தப் பதிவில் அவர் பெயரையும் போடவில்லை! அடுத்து வந்த பிளாக் பாக்ஸ் ஆல்பத்தில் மார்த்தா வாஷ் பாடினார். சான் பிரான்சிஸ்கோவில் கோஸ்பெல் பாடி வளர்ந்தவர், 'வெதர் கேர்ள்ஸ்' என்ற பாடகிகள் இருவரில் ஒருவர். வீடியோவில் மறுபடியும் கினோல். 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி' என்ற குழுவின் பெரிய வெற்றிப் பாட்டிலும் மார்த்தாவுக்கு இதே கதிதான்; அங்கே வாயசைத்தவர் வேறொருவர். மார்த்தா வழக்கு மேல் வழக்குப் போட்டார். அதற்குப் பிறகுதான் பாடியவர் பெயரை அச்சிடுவதில் கம்பெனிகள் கவனமானார்கள்.

1991இல் மார்க்கி மார்க், இன்று நடிகர் மார்க் வால்பெர்க் என்று எல்லோரும் அறிந்தவர், அதே 'லவ் சென்சேஷன்' குரலை எடுத்து ஒரு பாட்டு வெளியிட்டார். இந்த முறை லோலியாட்டாவின் பெயர் போட்டார்கள், வீடியோவிலும் அவரே வந்து பாடினார். அமெரிக்காவில் முதலிடம். 45 வயதை எட்டும்போது கிடைத்த முதலிடம் அது. 2011இல் அவர் காலமானார்.

இப்போது பாட்டுகளைக் கேட்போம். இத்தாலியர்களுடையதை இரண்டாவதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் 1980ஆம் ஆண்டுப் பதிவு முழுதாக வரும். கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.