ஒரே பரப்பு, இரண்டு உராய்வு

நேயர்களுக்கு வணக்கம். அலுமினியம், மாங்கனீசு கலந்த ஓர் உலோகத்தில் 1982-இல் டான் ஷெக்ட்மன் கண்டுபிடித்தது குவாசிகிரிஸ்டல். அணுக்கள் ஒழுங்காகத்தான் அமைந்திருக்கும். ஆனால் சாதாரணப் படிகம்போல ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராது. 2011-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்ததைப் பலரும் அறிவீர்கள். நான் பேச வந்தது அதன் வழுவழுப்பைப் பற்றி.

இந்த உலோகங்களில் உராய்வு குறைவு. பிரான்சில் ழான்-மரி துபுவா என்ற ஆய்வாளர் இதை வைத்து ஒட்டாத வாணலிப் பூச்சே செய்தார், கடைக்கும் வந்தது. ஆனால் வழுவழுப்புக்குக் காரணம் அணு அமைப்புதானா? கடினத்தன்மையாக இருக்கலாம், காற்றுப் பட்டதும் படியும் ஆக்சைடாகவும் இருக்கலாம். வேறொரு உலோகத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே சேர்ந்து மாறிவிடும். எதைக் காரணம் சொல்வது?

2005-இல் அமெரிக்காவின் பெர்க்லி, ஏம்ஸ் ஆய்வகத்தினர் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். அலுமினியம்-நிக்கல்-கோபால்ட் குவாசிகிரிஸ்டலை, ஒரே கோலம் அச்சடித்த தாள்களின் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தாளுக்குள் கோலம் திரும்ப வராது. தாள் மட்டும் சீராக அடுக்கியிருக்கும். கட்டைச் செங்குத்தாக வெட்டினால், வெட்டிய முகத்தில் மேலும் கீழுமாக ஒரே இடைவெளி, சுமார் 0.4 நானோமீட்டர். பக்கவாட்டில் நெட்டையும் குட்டையுமாக, விதிப்படி அமைந்தும் திரும்ப வராத ஃபிபனாச்சி வரிசையில் இடைவெளிகள். அதே அணுக்கள், அதே பரப்பு. திசை மட்டும்தான் வேறு.

அந்த முகத்தை உயர் வெற்றிடத்தில் சுத்தம் செய்து, அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் வருடினார்கள். வெறும் ஊசி சுத்தமான உலோகத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதன்மேல் கந்தகம் கொண்ட நீள மூலக்கூறுகளைப் பூசினார்கள். (சோதனையின் உயிரே இந்தச் சின்ன வேலையில்தான் இருக்கிறது என்பேன்.) சீரான திசையில் உராய்வு, மற்றத் திசையைவிட எட்டு மடங்கு!

பரப்பில் ஆக்சைடு படிந்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே அடுப்பில் காற்றுப்பட்டுக் கிடக்கும் வாணலியின் வழுவழுப்புக்கு இந்தச் சோதனையைச் சான்றாகக் காட்ட முடியாது. சரி, சுத்தமான பரப்பில் திசைக்குத் திசை உராய்வு ஏன் மாறுகிறது? தேய்க்கும்போது பிறக்கும் ஆற்றலை எடுத்துச் செல்பவை அணு அதிர்வுகளும் எலக்ட்ரான்களும். அவை எளிதாக எடுத்துச் சென்றால் உராய்வு கூடும். திரும்ப வராத அமைப்பில் இரண்டுக்குமே பாதை கடினம். இதில் யார் பங்கு பெரிது என்பதில்தான் கோட்பாட்டாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.