ஓடுற வேலையைக் கொல்லாதீங்க, நிறுத்தி வைங்க

வணக்கம் மக்களே. பின்னாடி ஒரு இரைச்சல் கேக்குதா? அது என் லேப்டாப் ஃபேன். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல எடுத்த வீடியோவை எஃப்எஃப்எம்பெக்ங்கிற (ffmpeg) வீடியோ புரோகிராம் சுருக்கிக்கிட்டு இருக்கு. இந்த வீவக அடுக்குமாடி வீட்டு மத்தியானப் புழுக்கத்துல சும்மா இருந்தாலே மெஷின் கொதிக்கும்.

பாதிக்கு மேல முடிஞ்ச வேலையை கன்ட்ரோல் சி போட்டுக் கொல்ல மனசு வருமா? வேணாம். இன்னொரு டெர்மினல்ல, அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னல்ல, பாருங்க: பிகில், மைனஸ் ஸ்டாப், எஃப்எஃப்எம்பெக் (pkill -STOP ffmpeg). என்டர். இப்ப ஓடுற வேலைகளைப் பட்டியல் போடுற டாப்ல (top) அந்த வரியைப் பாருங்க. சிபியு சைபர். வேலையோட நிலையைக் காட்டுற எஸ் (S) பத்தியில 'டி'ன்னு (T) நிக்குது. நிறுத்தி வச்சிருக்குன்னு அர்த்தம். திரும்ப ஓட விட, ஸ்டாப் இருந்த இடத்துல மைனஸ் கான்ட் (-CONT). விட்ட ஃப்ரேம்லேருந்தே தொடரும், ஒண்ணும் வீணாகாது. லினக்ஸ், மேக் மாதிரி யுனிக்ஸ் வகை சிஸ்டம்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

இப்ப நாம அனுப்பின ஸ்டாப் ஒரு சிக்னல், முழுப் பேரு சிக்ஸ்டாப் (SIGSTOP). அதை எந்த புரோகிராமும் தடுக்க முடியாது. அப்படித் தடுக்க முடியாதது இன்னொண்ணு, உடனே கொல்லுற சிக்கில் (SIGKILL) மட்டும்தான். நீங்க அடிக்கிற கன்ட்ரோல் இசட் வேற, அது சிக்டிஎஸ்டிபி (SIGTSTP)ங்கிற சிக்னல். அதை புரோகிராம் பிடிச்சுக்கலாம். விம்ங்கிற (Vim) டெக்ஸ்ட் எடிட்டர் அப்படித்தான் பிடிச்சு, திரையைச் சரிபண்ணிக் கொடுத்துட்டு அப்புறம் நிக்கும். அதனால டெர்மினல்ல முன்னாடி ஓடுறதுக்கு கன்ட்ரோல் இசட்தான் மரியாதையான வழி. அப்புறம் எஃப்ஜி போட்டா முன்னாடி வரும், பிஜி போட்டா பின்னணியில ஓடும்.

பாலிடெக்னிக் பசங்க நிறைய பேரு ஸ்டாப்ங்கிற பேருக்குப் பதிலா சிக்னலோட நம்பரைப் போட்டு 'கில் மைனஸ் 19'னு எழுதுறீங்க. தயவுசெஞ்சு பேரை எழுதுங்கப்பா. உங்க லினக்ஸ் லேப்டாப்ல 19னா ஸ்டாப். பக்கத்து சீட்டுக்காரர் மேக்ல அதே 19 கான்ட்! அங்க ஸ்டாப் 17. ஒரே ஸ்கிரிப்ட், நேர் எதிரான வேலை.

நிறுத்தி வச்சா சிபியுதான் மிச்சம், மெமரி மிச்சமாகாது. பிடிச்ச இடத்தை அது விடாது. டவுன்லோட் மாதிரி நெட்வொர்க் வேலைன்னா இன்னும் கவனம். கனெக்‌ஷனை கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதி, பிடிச்சு வச்சிருக்கும், ஆனா பதில் சொல்ல ஆள் இல்லைன்னு அந்தப் பக்கத்து சர்வர் டைம்அவுட் பண்ணிட்டுப் போயிடலாம்.

இன்னொண்ணு. நின்னுகிட்டிருக்கிற புராசஸுக்கு (ஓடுற புரோகிராமுக்கு) வெறும் கில் அனுப்பிட்டு, சாகலையேன்னு மைனஸ் 9 (அதான் சிக்கில்) போட ஓடாதீங்க. வெறும் கில் அனுப்புறது சிக்டெர்ம் (SIGTERM), 'முடிச்சுக்கோ'ன்னு சொல்ற சிக்னல்; அது வந்து காத்துக்கிட்டுதான் இருக்கு. கான்ட் அனுப்புங்க, முழிச்ச உடனே அதைப் பார்த்துட்டு, ஃபைலை ஒழுங்கா மூட வேண்டியது இருந்தா மூடிட்டு, தானா வெளியே போயிடும்.