நகராத கடையும் நோட்டுப் புத்தகமும்

நேயர்களுக்கு வணக்கம். போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு கடை திறந்தார்கள். நோட்டு, பேனா, கிராஃப் தாள், ஜெராக்ஸ் எல்லாம் கிடைக்கும். வாசலில் பளபளவென்று ஆங்கிலப் பலகை: ஸ்டேஷனரி. முப்பது வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்த பழக்கதோஷம், எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். கடைசியில் 'ஈஆர்ஒய்' வரவேண்டிய இடத்தில் 'ஏஆர்ஒய்'. எழுதுபொருள் என்று போட நினைத்தவர், 'நகராமல் நிற்பது' என்று போட்டுவிட்டார். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் எழுதினாலும் ஒன்றுதான். பாவம், அவர் என்ன செய்வார்?

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி வியாபாரம் செய்தவர்கள் ஏராளம். அப்படிச் சுற்றாமல், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை லத்தீனில் 'ஸ்டேஷனேரியஸ்' என்றார்கள். ஒரே இடத்தில் இருப்பவர் என்று அர்த்தம். அதுதான் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனர்' ஆனது. லண்டனில் இவர்களுக்கு 1403-லேயே சங்கம் இருந்தது. 1557-ல் அரச பட்டயமும் கிடைத்தது. அவர்கள் விற்ற தாளுக்கும் மைக்கும் கடைக்காரர் பெயரே ஒட்டிக்கொண்டது. 'ஸ்டேஷனர்' முடிவது 'ஈஆர்' என்று. அதனால் சரக்குக்கும் 'ஈ'. 'பேப்பர்' என்ற சொல்லும் அப்படித்தான் முடிகிறது, மறக்காது.

'பிரின்சிபல்' கதை நமக்கு இன்னும் சுலபம். 'ஏஎல்' என்று முடிந்தால் கல்லூரி முதல்வர். வங்கிக் கடனில் வட்டி சேராத அசலும் அதுவே. அசலை நாம் முதல் என்றும் சொல்கிறோம் இல்லையா? 'முதலுக்கே மோசம்' என்கிறோமே, அந்த முதல். ஆக, முதல்வரோ முதலோ வந்தால் 'ஏஎல்'. 'எல்ஈ' என்று முடிந்தால் கொள்கை. என்னிடம் படித்த பையன் ஒருவன், காய்ச்சல் என்று கொள்கைக்கு லீவு லெட்டர் எழுதியிருக்கிறான். லீவு கிடைத்தது, அது வேறு விஷயம்.

சரி, பலகைக்கு வருகிறேன். கடைக்காரரிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். லண்டன் கதை வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்து வருஷம் தள்ளுவண்டியில வித்தேன் சார். இப்பதான் ஒரு இடத்துல நிக்கிறேன். அப்படியே இருக்கட்டும்."