ஜாவாவில் 5,000 கீவேர்டுகளைத் தேட எது வேகம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 5,000 கீவேர்டுகள் இருக்கின்றன. பெரிய கோப்பில் வரும் ஒவ்வொரு சொல்லும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரேலிஸ்ட்டில் போட்டு கன்டெயின்ஸ் கூப்பிடுகிறேன், ரொம்ப மெதுவாக ஓடுகிறது. ஹேஷ்செட், ட்ரீசெட், ட்ரை, இதில் எதற்கு மாறலாம்? சில கீவேர்டுகளில் இரண்டு மூன்று சொற்கள் இருந்தால் என்ன செய்வது?"

ஹேஷ்செட்டுக்கு மாறுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் நாளைக்குத் தேவை மாறும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

ஒரு சொல் 'இல்லை' என்று சொல்ல அரேலிஸ்ட் 5,000 கீவேர்டுகளையும் பார்த்தாக வேண்டும். கோப்பில் வரும் சொற்களில் பெரும்பாலானவை கீவேர்டே இல்லை. 1 லட்சம் சொற்கள் என்று வையுங்கள், கிட்டத்தட்ட 50 கோடி ஒப்பீடுகள் ஆகிவிடும். ஒவ்வொன்றும் மலிவுதான், நீளம் வேறாக இருந்தாலே, இரண்டு சொற்களை ஒப்பிடும் ஈக்வல்ஸ் உடனே ஃபால்ஸ் (பொருந்தவில்லை) சொல்லிவிடும். அதனால்தான் 10, 20 கீவேர்டு இருக்கிறவரை இந்தக் குறை கண்ணில் படுவதில்லை.

ஹேஷ்செட் 'இல்லை' என்று சொல்லும் விதம்தான் அழகு. சொல்லின் ஹேஷ்கோடை, அதாவது அதன் எழுத்துகளிலிருந்து வரும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, உள்ளே வரிசையாக இடங்கள் கொண்ட அரேயில் ஓர் இடத்துக்கு நேராகப் போகிறது. 5,000 கீவேர்டுகளுக்கு அந்த அரேயின் அளவு 8,192. ஹேஷ்கள் நன்றாகப் பரவியிருந்தால் அதில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். போன இடம் காலி என்றால் ஈக்வல்ஸ் ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் பதில் வந்துவிடும். அங்கே ஏதாவது இருந்தாலும் முதலில் இரண்டு ஹேஷ் எண்களைத்தான் ஒப்பிடும். அவை ஒன்றாக இருந்தால்தான் எழுத்துகளைப் பார்க்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணம் உண்டு. ஸ்ட்ரிங் (ஜாவாவில் எழுத்துத்தொடரை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) தன் ஹேஷ்கோடைச் சேமித்து வைத்துக்கொள்வதால் அந்தச் செலவே இல்லை என்று நினைக்கிறார்கள். சேமிப்பு அந்த ஆப்ஜெக்டோடு சரி. நீங்கள் கோப்பிலிருந்து வெட்டி எடுக்கும் ஒவ்வொரு சொல்லும் புது ஸ்ட்ரிங், அதற்கு ஹேஷ்கோடைப் புதிதாகத்தான் கணக்கிட வேண்டும். ஆனாலும் அது சொல்லின் நீளத்தைப் பொறுத்த செலவுதான். கீவேர்டு 5,000 ஆனாலும் 50,000 ஆனாலும் அது அதிகமாகாது.

இரண்டு சொற்களுக்கு ஒரே ஹேஷ் வந்தால்? வரும். பெரிய ஏ, சின்ன ஏ சேர்ந்தாலும் 2112, இரண்டு பெரிய பி சேர்ந்தாலும் 2112. ஜாவா 8 முதல், அரே போதிய அளவு பெரிதாக இருந்து, ஒரே இடத்தில் 8க்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்த இடம் மட்டும் மரமாக மாறிக்கொள்ளும். சாதாரண கீவேர்டுகளுக்கு இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இந்த வேகத்துக்கு விலை நினைவகம். ஜாவா நிரலை ஓட்டும் 64 பிட் ஜேவிஎம்மில், வழக்கமான அமைப்பில், கீவேர்டு ஒன்றுக்கு அதைச் சுட்டிவைக்க 32 பைட்டில் ஒரு நோடு. அரேயையும் சேர்த்தால் ஸ்ட்ரிங்குகள் போகச் சுமார் 190 கேபி. இது ஒன்றுமே இல்லை. ஆனால் கீவேர்டுகள் பல லட்சம் என்றால் யோசியுங்கள். பட்டியல் மாறவே மாறாது என்றால் ஜாவா 10இல் வந்த செட்.காப்பிஆஃப் நோடே இல்லாமல் ஒற்றை அரேயில் வைக்கும். அதில் நல் (null, எந்த மதிப்பும் இல்லாதது) கொடுத்துக் கேட்டால் எக்செப்ஷன் வரும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

ட்ரீசெட் ஒரு சொல்லுக்குச் சுமார் 12, 13 ஒப்பீடு செய்யும், அரேலிஸ்ட்டோடு பார்த்தால் பிரமாதம். ஆனால் அதன் உண்மையான பலம் வரிசை. 'இந்த எழுத்துகளில் தொடங்கும் கீவேர்டுகள் எவை' என்று கேட்கும்போது அதை எடுங்கள். அப்படிப்பட்ட தேடலே முழு நேர வேலை என்றால், எழுத்தெழுத்தாகக் கிளைவிடும் மரமான ட்ரை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஹேஷ்மேப் வைத்து ட்ரை எழுதினால் நினைவகத்தை வாரி விழுங்கும், உங்கள் கேள்விக்கு அது தேவையே இல்லை.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். செட்டை மெத்தடுக்குள்ளே கட்டாதீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் 5,000 கீவேர்டுகளைப் புதிதாகப் போட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லைத் தேடினால், அரேலிஸ்ட்டே மேல். ஸ்டாட்டிக் ஃபைனலாக ஒருமுறை கட்டுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு வேண்டாம் என்றால் போடும்போதும் தேடும்போதும் சின்ன எழுத்தாக்கும் டுலோயர்கேஸுக்கு, எந்த மொழியையும் சாராத லொகேல்.ரூட் கொடுங்கள். இல்லையென்றால் துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் பெரிய ஐ, புள்ளியில்லாத சின்ன ஐயாக மாறி, இருக்கிற கீவேர்டே கிடைக்காமல் போகும்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. பல சொல் கீவேர்டுகளில் மிக நீளமானது மூன்று சொல் என்றால், ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒன்று, இரண்டு, மூன்று சொற்களைச் சேர்த்து அதே ஹேஷ்செட்டில் தேடுங்கள். மூன்று மடங்கு தேடல்தான், தாராளமாகத் தாங்கும். சொல் எல்லையே இல்லாமல் எழுத்தோட்டத்துக்குள் தேட வேண்டிய நிலை வந்தால், ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கோராசிக்கும் 1975இல் வெளியிட்ட ஆஹோ-கோராசிக் முறைக்குப் போங்கள். கோப்பை ஒரே ஒரு முறை படித்து எல்லாக் கீவேர்டுகளையும் பிடித்துவிடும்.