ஏறி கரையில் யானை

(தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசைப் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். போனை உள்ளே வையுங்கள் என்று சொல்லமாட்டேன். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தக்காளி என்ன விலை, கரண்ட் எப்போது வரும், யார் வீட்டில் காதுகுத்து, எல்லாம் அதில்தான். போன மாசியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவன் என் பழைய மாணவன், ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு நிலத்துக்குப் போனவன். "யானை ஏறி கரைல நிக்குது. யாரும் கொள்ளைக்கு போவாதீங்க."

நான் 31 வருடம் சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பழகிய தமிழாசிரியன். ஓய்வு பெற்றாலும் கை ஓய்வு பெறுமா? படுக்கையில் இருந்தபடியே பதில் போட்டேன்: "ஏறி அல்ல, ஏரி. கொள்ளை அல்ல, கொல்லை. ஏரிக்கரை என்று சேர்த்து எழுதுக." அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "சார், அது இப்ப எந்தப் பக்கம் போவுது?"

யானையைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரகரமும் றகரமும்தான்.

கொள்ளைக்குப் போகாதீங்க என்பதைப் படித்து, "நான் என்ன திருடனா" என்று ஊரில் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கேழ்வரகும் துவரையும் போடுகிற மேட்டு நிலத்துக்குக் கொல்லை என்று பெயர், அது நம் மாவட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்புறம். அந்த ஊர்த் தமிழாசிரியர் யாராவது எங்கள் குழுவில் இருந்திருந்தால் என் திருத்தத்தையே திருத்தியிருப்பார்: "புழக்கடையில் யானைக்கு என்ன வேலை?" பிழை என்று நாம் வட்டம் போடுவதில் பாதி, அடுத்த ஊர்க்காரரின் பேச்சு.

அந்தச் செய்தியைப் பிறகு நிதானமாக எடுத்துப் பார்த்தேன். யானை, நிக்குது: அஃறிணைக்கு அஃறிணை முடிபு. யாரும், போவாதீங்க: பலரை நோக்கிய ஏவல், மரியாதையோடு. நாலாம் வேற்றுமை அதன் இடத்தில் இருக்கிறது. எழுத்தில் இரண்டு இடம் சறுக்கியிருக்கிறான்; இலக்கணத்தில் எங்கும் சறுக்கவில்லை. வாட்ஸ்அப் வந்து இலக்கணமே செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், "நான் வந்தான்" என்று எழுதிய ஒரு தமிழனைக் காட்டட்டும்.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் நன்னூலைத் திறந்து "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனக்குப் பிடித்த நன்னூல் சூத்திரம் வேறு: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." மகிழ்ச்சியிலோ மதிப்பிலோ கோபத்திலோ பாலும் திணையும் மாறிவிட்டால் அதுவும் இயல்புதான் என்கிறார் பவணந்தியார். வெளியூரில் படிக்கும் மகளுக்கு "சாப்டியாடா" என்று அனுப்பும் அம்மாவுக்கு அன்றைக்கே அனுமதி கொடுத்துவிட்டார். என் பாட்டி யானையை "சாமி வந்துட்டாரு" என்றுதான் சொல்வாள். அதுவும் இதில் அடங்கும். வழுவமைதி என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நமக்கு வழு மட்டும் நினைவிருக்கிறது, அமைதி மறந்துபோயிற்று.

சரி, எழுத்துப் பிழை? ஏரி, ஏறி இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நம் வாயில் ஒன்றாகத்தான் வருகிறது. காது பிரித்துச் சொல்லாததைக் கை எப்படிப் பிரிக்கும்? போதாக்குறைக்கு நம் பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். ஒரே தட்டலுக்கு எரி, ஏரி, ஏறி என்று போன் மூன்றை நீட்டுகிறது. விடியற்காலை இருட்டில், எதிரில் யானையை வைத்துக்கொண்டு, முதலில் வந்ததைத் தொடுவானா, தேர்ந்தெடுப்பானா?

ஓலைச்சுவடிக் காலம் இன்னும் மோசம். குறில் எகரத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னது தொல்காப்பியம். ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் வைக்கவில்லை. எரியும் ஏரியும் ஒரே மாதிரிதான் இருக்கும், படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். எகர ஏகார வடிவத்தைப் பிரித்துக் காட்ட 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வரவேண்டியிருந்தது.

யானை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வயதுக்காரர்கள் பள்ளியில் எழுதியபோது னகரத்தின் தலையில் ஒரு சுழி வளைந்து தொங்கும், தும்பிக்கை மாதிரி. யானைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது! பெரியார் 1935-லேயே குடிஅரசில் அதை விட்டுவிட்டார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு ணை, லை, ளை, னை என்று மாற்றியது. நான் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட எழுத்தை இன்று ஒரு பையன் எழுதினால் நானே வட்டம் போட வேண்டும்.

நம் ஊர்ப் பெயருக்கே இந்தத் தகராறு உண்டு. "ரகார ழகாரம் குற்றொற்று ஆகா" என்கிறது தொல்காப்பியம். தனிக் குறிலை அடுத்து ர், ழ் ஒற்றாக நிற்கக் கூடாது. அதனால் தருமபுரிதான் சரி. ஆனால் பேருந்து நிலையத்தில் எந்தக் கண்டக்டரும் "தருமபுரி, தருமபுரி" என்று கூவி நான் கேட்டதில்லை. பலகைகளிலும் இரண்டும் இருக்கின்றன. இரண்டில் எதில் ஏறினாலும் இங்கேதான் வந்து இறங்குகிறோம்.

அதற்காக எதையும் எப்படியும் எழுதலாம் என்று நான் சொன்னதாக வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். சாவு வீட்டு ஃபிளெக்ஸில் "ஆழ்ந்த இறங்கல்" என்று ஆளுயரத்துக்கு அடித்து வைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இரங்குவது மனம், இறங்குவது படிக்கட்டில். ஊர் பார்க்க வைப்பது, காசு வாங்கி அச்சடிப்பது, பஞ்சாயத்து நோட்டீஸ், இதற்கெல்லாம் சலுகை கிடையாது. நான் இப்போது அச்சடிக்கிற பையனிடமே சொல்லி வைத்திருக்கிறேன், அடிப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு என்று. அனுப்புகிறான். ஆனால் அதே சொல்லை, அப்பனைப் பறிகொடுத்தவனின் குழுவில் நண்பன் ஒருவன் அழுதுகொண்டே தட்டியிருந்தால், அங்கே போய் "ரகரம்" என்று நான் மூக்கை நுழைக்கக் கூடாது.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? இரு பக்கமும் புலவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு அந்த ஒரு க் நடுவில் வந்து சாயங்காலம் வரை சண்டை போனது. குழந்தையை யாரும் வாழ்த்தியதாகத் தெரியவில்லை.

யானை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடிந்ததும் காட்டுப்பக்கம் திரும்பிவிட்டது, நாலு வாழை போனதோடு சரி. அந்த மாணவன்தான் அதற்குப் பிறகு குழுவில் ஒரு வரி எழுதவில்லை. இப்போதெல்லாம் குரல் பதிவு அனுப்புகிறான். நேற்றும் ஒன்று வந்தது, "ஏரி நிரம்பிடுச்சு" என்று. இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். எந்த ரகரம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.