பார்கவி நிலையத்தைப் பார்த்தவர்கள் சொன்னவை

(பந்தலூர் வட்டாரத்தில் நடைபெற்ற வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மழையையும் மலைப்பாதையையும் பொருட்படுத்தாமல் உதகையிலிருந்து வந்து நம்மோடு அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, இந்தக் கூடத்தை வாடகை வாங்காமல் தந்து உதவிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மூத்த நிர்வாகிகளே, எனக்கு முன்னால் பேசி அவையின் மனத்தைப் பண்படுத்தி வைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, திரை கட்டி ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்த இளைஞர்களே, கொழுந்து பறித்த கையோடு வந்து அத்தனை பேருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்த மகளிர் குழுச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் பேச்சைத் தொடங்கினால் அது முறையாகாது. இந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளை மேல்படிப்புக்குப் போனாலும் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்து எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அப்படிப்பட்டவர் தலைமையில் பேசுவதை நான் பெருமையாகக் கருதுகிறேன். சிறப்பு விருந்தினர் அவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் சுருக்கமாகப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார், முயல்கிறேன்.

கடந்த இரண்டு சனிக்கிழமைகளில் இதே கூடத்தில் ஒரே சிறுகதையிலிருந்து பிறந்த இரண்டு திரைப்படங்களைப் பார்த்தோம். கதை, மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய ‘நீலவெளிச்சம்’. முதல் படம், 1964இல் ஏ. வின்சென்ட் இயக்கிய ‘பார்கவி நிலையம்’. இரண்டாவது, அதே கதையை ஆஷிக் அபு மறுபடியும் எடுத்து, கதையின் பெயரையே சூட்டி 2023இல் வெளியிட்ட படம். படம் முடிந்ததும் நீங்கள் சொன்ன கருத்துகளையெல்லாம் செயலாளர் ஒரு குறிப்பேட்டில் எழுதி என்னிடம் கொடுத்து, இவற்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். படம் பயமுறுத்தியதா என்பது ஒன்று. சிறுகதை திரைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பது இரண்டு. பாட்டும் ஒலியும் மூன்று.

நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி ஒன்று உண்டு: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேய்க்கதையின் இலக்கணம் முழுவதையும் இந்த ஒரு வரிக்குள் அடக்கிவிடலாம் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. அரள்வது கண், பேய் அதற்குப் பிறகுதான் வருகிறது.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கருத்து இருக்கிறது. “பேய்ப் படம் என்று அழைத்தீர்கள், ஒரு தடவைகூடத் தூக்கிவாரிப் போடவில்லை” என்று அவர் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய அதே கருத்தை இன்னும் பலர் வேறு வேறு சொற்களில் கூறியிருக்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். திடீரென்று கதவு அறைவதையும் கண்ணாடியில் முகம் தெரிவதையுமே பயம் என்று இன்றைய படங்கள் அவர்களுக்குப் பழக்கிவைத்திருக்கின்றன. ஆனால் பஷீரின் கதையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தனியாளான ஓர் எழுத்தாளன் குறைந்த வாடகைக்கு ஒரு பழைய வீட்டை எடுக்கிறான். அந்த வீட்டுக் கிணற்றில் பார்கவி என்ற பெண் விழுந்து இறந்தாள், அவளுடைய ஆவி அங்கேயே இருக்கிறது என்று ஊரார் எச்சரிக்கிறார்கள். அவன் வீட்டைக் காலிசெய்யவில்லை. பார்கவியிடம் பேசத் தொடங்குகிறான். தான் எழுதுவதையும் தன் தனிமையையும் அவளோடு பகிர்ந்துகொள்கிறான். ஓர் இரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோக, அறையைப் பூட்டிவிட்டு நண்பர்களிடம் எண்ணெய் வாங்கப் போகிறான். திரும்பி வந்து கதவைத் திறந்தால், எண்ணெய் தீர்ந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அறை முழுவதும் நீல ஒளி. கதை அவ்வளவுதான். பேயின் உருவத்தை நாம் பார்ப்பதில்லை. அவள்தான் விளக்கை ஏற்றினாளா என்றுகூடப் பஷீர் சொல்வதில்லை.

இதைப் படித்து முடிக்கும்போது நமக்குள் எழும் உணர்ச்சிக்குப் பயம் என்ற பெயர் போதாது என்றுதான் நான் சொல்வேன். இந்த இடத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதி வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1964இல், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரைத் தாயகம் அனுப்ப வகைசெய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்களால்தான் நம் சேரம்பாடி, நெல்லியாளம், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வந்த ஒரு பாட்டி எங்கள் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்தார். கொழுந்துக் கூடையோடு பேய்க்கதைகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். மின்சாரம் வராத காலம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் லைனில் உள்ள பிள்ளைகளும் பெரியவர்களும் அவர் வாசலில் கூடிவிடுவார்கள். பேய்க்குக் கால் தரையில் பாவாது, சொல்லப்போனால் அதற்குக் காலே கிடையாது என்பது அவர் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் சொல்லுகிற பாடம். ஒருநாள் கதை உச்சத்தில் நிற்கும்போது விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. எதற்கும் அஞ்சாதவன் என்று பெயரெடுத்த ஓர் இளைஞனைக் கையில் பாட்டிலோடு கீழ்லைனுக்கு அனுப்பினார்கள். போனவன் எண்ணெய் வாங்கிக்கொண்டு தேயிலைக் காட்டின் குறுக்குப் பாதையில் ஏறி வருகிறான். மூடுபனி இறங்கியிருக்கிறது, மேலே மங்கிய நிலா. பாதையோரத்தில் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள். நின்றான், மூச்சும் நின்றது. ஓர் எட்டு வைத்தான்; மறுபடியும் மூச்சு. திரும்பிப் பார்த்தால், பனிக்குள்ளே வெள்ளை வெள்ளையாக நான்கு கால்கள் மட்டும் நிற்கின்றன. கால்களுக்கு மேலே உடம்பு என்று ஒன்றும் இல்லை. பாட்டிலைப் போட்டுவிட்டு அவன் ஓடிவந்த ஓட்டத்தை நான் எப்படிச் சொல்வேன்! பாட்டியின் வாசலில் வந்து விழுந்தவனுக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி, ஒருவாறு அவன் கண்டதைச் சொல்லவைத்தார்கள். சுற்றியிருந்த பிள்ளைகள் நடுங்கிப்போய் ஒருவர் மேல் ஒருவர் ஒண்டிக்கொண்டோம். பாட்டி மட்டும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்: “பேய்க்குக் காலே கிடையாதுன்னு அத்தனை நாளாச் சொல்லுறேன். காலைப் பார்த்துட்டு எதுக்குடா ஓடியாந்த?”

விடிந்து போய்ப் பார்த்தால், உடைந்த பாட்டிலைச் சுற்றி அகலமான குளம்படிகள். காட்டெருமை! அதன் உடம்பு கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் காலுறை போட்டதுபோல வெளுப்பு என்பது நமக்கெல்லாம் தெரியும். இருட்டில் கறுப்பு கரைந்துபோய் வெளுப்பு மட்டும் நின்றிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயைவிட அந்தக் காட்டெருமையிடமிருந்து அவன் தப்பியதுதான் பெரிய காரியம் என்பது வேறு விஷயம். நான் கவனித்தது மறுநாள் நடந்ததை. இருட்டுவதற்கு முன்பே பாட்டியின் வாசலில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் அதே இளைஞன்தான். மீதிக் கதை அவனுக்கு வேண்டியிருந்தது.

பயந்தவனையே மறுபடியும் இழுத்துவரும் ஆற்றல் சொல்லுக்கு இருக்கிறது. அதற்குத் திரை வேண்டியதில்லை. இதைத் திரைத்துறையில் நன்கு உணர்ந்திருந்தவர்களில் ஒருவர் வின்சென்ட் என்று சொல்வேன். ‘பார்கவி நிலையம்’ அவர் இயக்கிய முதல் படம். அதற்கு முன்பே தமிழர்களுக்கு அவர் ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஆகிய படங்களின் ஒளிப்பதிவாளராக அறிமுகமானவர். அதே 1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்துக்கும் அவரே ஒளிப்பதிவு செய்தார். அந்தப் படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறந்த தமிழர் உண்டா? அங்கே பேயே கிடையாது. ஒருவர் சொல்கிறார், ஒருவர் கேட்கிறார். பாலையாவின் முகத்தில்தான் பேய் குடியேறுகிறது. நாம் சிரித்துச் சிரித்துப் பார்த்த அந்தக் காட்சியைப் பிடித்த அதே கேமராக்காரர்தான், அதே ஆண்டில், கறுப்பு வெள்ளையில் ஒரு பாழடைந்த வீட்டையும் கிணற்றையும் கொண்டு மலையாளத்துக்கு அதன் முதல் பேய்ப் படம் என்று போற்றப்படுகிற படத்தைத் தந்தார்.

இனி இரண்டாவது செய்தி. “சில பக்கக் கதையை இவ்வளவு நீளமாக இழுத்திருக்க வேண்டாம்” என்று ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். “பேயைக் காட்டியிருக்கவே கூடாது” என்று கூடலூரிலிருந்து வந்த நண்பர் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் ஒரே பதில்தான்: 1964ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் பஷீரே. விஜய நிர்மலா நடித்த பார்கவிக்கும் பிரேம் நசீர் நடித்த பக்கத்து வீட்டுப் பாடகனுக்கும் இடையே காதலை வளர்த்ததும், அதைக் குலைக்கும் முறைப்பையனை நுழைத்ததும், பார்கவி தானாகக் கிணற்றில் விழவில்லை, கொல்லப்பட்டாள் என்ற உண்மையை வைத்ததும் கதையை எழுதிய அதே கைதான். சிறுகதையில் மர்மமாக விட்டதைத் திரையில் அவரே அவிழ்த்துக் காட்டினார். கதை எனக்குப் படத்தைவிட உயர்ந்தது என்று நான் திடமாகச் சொல்வேன். ஆனால் கதையைப் படம் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டை ஏற்கமாட்டேன்.

குறிப்பேட்டிலேயே மிகச் சிறந்த கருத்து கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் சொன்னது: “காதல் தோல்வியில் கிணற்றில் குதித்துவிட்டாள் என்று ஊரே சொல்லிவிட்டது. அவளையே கேட்கிற ஒருத்தர் அத்தனை நாள் கழித்துத்தான் அந்த வீட்டுக்கு வந்தார்.” இதைக் கேட்டபோது நான் சிலிர்த்துப்போனேன். செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் ஒரு கதை கட்டுகிறது. அந்தக் கதையே பேயாக உலவுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், ஊரே அரண்டு நிற்கும்போது அந்த வீட்டில் மனிதப் பெண் ஒருத்தியைக் கண்டவன் நடிகர் மது ஏற்று நடித்த அந்த எழுத்தாளன் ஒருவன்தான். நம் தமிழிலும் புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’யில் ஓர் எழுத்தாளனுடைய வீட்டுக்குள் வேலைக்காரியாக ஒரு பெண்ணை நுழையவிட்டு நம்மைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறார். இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் எத்தனையோ கேள்விகள் எழும்.

பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். பழைய படத்துக்கு இசையமைத்த பாபுராஜின் மெட்டுகளைப் புதிய படத்திலும் மாற்றாமல் எடுத்துக்கொண்டது சரியே என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். ஏனென்றால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

படத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னவர்களில் கதையைப் படித்தவர் யார் என்று செயலாளர் கேட்டபோது, கூடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய கைகளே உயர்ந்தன. அவர்களும் மலையாளத்தில் படித்தவர்கள். பஷீரின் எழுத்துகளைக் குளச்சல் மு. யூசுப் தமிழில் அருமையாகக் கொண்டுவந்திருக்கிறார். புத்தகம் இருக்கிறது, எழுத்துத் தெரிந்த மக்கள் இருக்கிறார்கள், ஆனால் இரண்டும் சந்திக்க முடிவதில்லை. காரணம் நேரம். கொழுந்து நிறுத்துக் கணக்கு முடித்து, விறகும் தண்ணீரும் பார்த்து, ஒரு பெண் ஓய்ந்து உட்காரும்போது மாலை ஆறு மணியைத் தாண்டிவிடுகிறது. நம் ஊர் நூலகத்தின் கதவு அதற்குள் பூட்டப்பட்டுவிடுகிறது.

சென்னை மாகாணத்தில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், இந்தியாவுக்கே முன்மாதிரியாகப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் இன்றுவரை வசூலிக்கப்படுகிறது. அதற்கும் முன்பே, 1931இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். மாட்டுவண்டியில் முடிந்தது, மோட்டார் வண்டிக் காலத்தில் நம் லைன்களுக்கு ஏன் முடியாது? இருட்டிய பிறகு பெண்களும் பிள்ளைகளும் எப்படி வருவார்கள், யானை இறங்கும், கரடி வரும் என்று சிலர் தயங்குகிறார்கள். யானையும் கரடியும் உண்மைதான், விளையாட்டில்லை. அதனால்தான் தெருவிளக்கையும் சேர்த்துக் கேட்கிறோம். மற்றபடி, கூட்டம் சேராது, மின்கட்டணம் கட்டுபடியாகாது என்று எழுப்பப்படும் அச்சங்களுக்கெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இரண்டு சனிக்கிழமைகளும் மழையில் நனைந்துகொண்டு வந்த கூட்டத்தை இந்தக் கூடமே பார்த்திருக்கிறது.

ஆகவே நான்கு கோரிக்கைகளை மனுவாக எழுதியிருக்கிறோம். நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் கதையை உரக்கப் படிக்க இடம் தர வேண்டும். நம் பாட்டிமார்கள் சொல்லும் கதைகளும் அதில் அடங்கும். பஷீர், புதுமைப்பித்தன் நூல்கள் கூடுதல் படிகளாக வாங்கப்பட வேண்டும். நூலகத்துக்குப் போகும் ஏற்றத்தில் விளக்குகள் எரிய வேண்டும். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய இந்த மனுவைச் சிறப்பு விருந்தினர் அவர்கள் உதகைக்குத் தாமே எடுத்துச்சென்று சேர்ப்பிப்பதாகச் சற்று முன் என்னிடம் வாக்களித்தார்கள். அவர்களுக்கு அவையின் சார்பில் நன்றி. படிவம் வாசலில் தேநீர் மேசையின்மேல் இருக்கிறது. பெயருக்கு எதிரில் லைன் எண்ணையும் குறிப்பிட வேண்டும். பேருந்து புறப்பட இன்னும் சிறிது நேரமே இருப்பதால், பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் எழுந்துபோய்க் கையெழுத்திடும்படி கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.