மொட்டைத் தலை, கறுப்பு உடை, ஒரு பாஞ்சோ

நண்பர்களே, அறுபதுகளின் ராக் என்றதும் பீட்டில்ஸில் தொடங்கி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறோம். இன்று நான் பேச வந்தது 1966இல் ஜெர்மனியில் பாலிடார் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டு, பெரிதாக விற்காமல் போன, மாங்க்ஸ் என்ற குழுவின் 'பிளாக் மாங்க் டைம்' ஆல்பத்தைப் பற்றி.

மாங்க்ஸ் என்றால் துறவிகள். குழுவின் ஐந்து பேரும் அமெரிக்கர்கள். ராணுவ வேலையாக ஜெர்மனிக்கு வந்தவர்கள், அது முடிந்தும் ஊர் திரும்பாமல் கிளப்புகளில் வாசித்தார்கள். முதலில் எல்லோரையும் போல அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் பாட்டுகள்தான். அப்புறம் துறவிகள் மாதிரி உச்சந்தலையை மழித்து, கறுப்பு உடை போட்டு, கழுத்தில் டைக்குப் பதிலாகக் கயிறு கட்டிக்கொண்டார்கள். இந்த வேஷத்தைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட அந்தச் சத்தம்தான் முக்கியம்.

டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் ஜான்ஸ்டன், சிம்பல் என்ற உலோகத் தட்டுகள் பக்கம் அதிகம் போகாமல் டாம்-டாம் என்ற முரசுகளையே இடிக்கிறார். டேவ் டே ரிதம் கிட்டாரை வைத்துவிட்டு, தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியமான பாஞ்சோவை எடுத்தார். அமெரிக்கக் கிராமியப் பாட்டுகளில் இனிமையாகக் கேட்கும் அதே பாஞ்சோதான். அதற்குள் மைக் வைத்து, ஒரே அடியாக அடிக்கிறார். தகரத்தில் சரளைக்கல் கொட்டுவது போலிருக்கிறது. எடி ஷாவின் பேஸ் கிட்டார் உறும, லாரி கிளார்க்கின் ஆர்கன் கீச்சிட, கடைசியில் எல்லாமே தாளக்கருவி ஆகிவிடுகின்றன.

ஒத்திகை ஒன்றில் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான கேரி பர்கர் கிட்டாரை அணைக்காமல் ஆம்ப்ளிஃபயரில் சாய்த்துவிட்டு வெளியே போனாராம். அது ஊளையிட ஆரம்பித்தது. ஜான்ஸ்டன் எழுந்து அணைக்கவில்லை, அதோடு சேர்ந்து டிரம்ஸ் அடித்தார். அந்த ஊளை ஆல்பத்தில் ஒரு வாத்தியமாகவே இடம்பிடித்துவிட்டது. பிழையைக் காதால் கேட்டு ஏற்றுக்கொண்ட அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

இதைச் சைகடெலிக் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் கனவும் மயக்கமும் இதில் கிடையாது. சுத்தமான கராஜ் ராக், அதாவது மெருகேற்றாத முரட்டு ராக், விழித்திருப்பவர்களின் கோபம். முதல் பாட்டிலேயே தங்களுக்கு ராணுவம் பிடிக்காது என்கிறார் பர்கர். வியட்நாமில் பிள்ளைகளை ஏன் கொல்கிறீர்கள் என்று கத்துகிறார். சீருடை போட்டவர்களே கேட்பதால் அந்தக் கேள்விக்குக் கனம் கூடுகிறது. அமெரிக்காவில் ஆல்பம் அப்போது வெளிவரவே இல்லை. 1967இல் குழுவும் கலைந்தது.

சரி, அந்த முதல் பாட்டை இப்போது போடுகிறேன். குரலை விட்டுவிட்டு, முதல் தடவை பாஞ்சோவை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.